பிணி தீர்க்கும் மனையும் சூழலும்

வைத்தியசாலை என்றதும் நேயர்களின் மனக்கண்முன் தோன்றுவன வெள்ளுடை அணிந்த தாதியும், மருந்தின் மணமும், கழுவித் துடைத்த தரையுமாகும். தூய்மைக்கு உறைவிடம் என்று மக்கள் கருதும் இடங்களுள் கோயிலுக்கு அடுத்தபடியாக வைத்தியசாலையைக் கூறலாம். ஆயினும் அக்கட்டடத்தின் பின்புறத்துக்குச் சென்று பார்ப்போர்க்கு வேறொரு காட்சி புலனாகும். அங்கே கழிவுப் பொருள்களை எரிக்கும் உலையிலிருந்து கரும்புகை எழுந்துகொண்டிருக்கும். மின்பிறப்பாக்கி இரைந்துகொண்டிருக்கும். ஒருமுறை பயன்படுத்திய கையுறைகளும் குழாய்களும் ஊசிக்குழல்களும் பைபையாகக் குவிந்திருக்கும். முன்வாசல் வழியாக நோயாளர் குணமடைந்து வெளியேற, பின்வாசல் வழியாக நோய்க்குரிய காரணங்களும் வெளியேறுகின்றன என்றால் அது மிகையாகாது.

இஃது எத்துணைப் பெரிய செய்தி என்பதை அண்மைக் காலம் வரை எவரும் கணக்கிட்டுப் பார்த்ததில்லை. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, புவியைச் சூடேற்றும் வாயுக்களுள் நூற்றுக்கு 4.4 வீதம் மருத்துவத் துறையால் வெளிவிடப்படுவன என்று காட்டிற்று. உலகின் மருத்துவத் துறை முழுவதையும் ஒரு தனி நாடாகக் கொண்டால், அத்தகைய வாயுக்களை மிகுதியாக வெளிவிடும் நாடுகளின் வரிசையில் அதற்கு ஐந்தாம் இடம் கிடைக்கும். ஆனால் இப்பழியை எல்லா நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வது முறையன்று. அதே ஆய்வின்படி, அமெரிக்காவில் ஒருவருக்கு வைத்தியம் செய்வதால் எழும் வாயு, இந்தியாவில் ஒருவருக்கு வைத்தியம் செய்வதால் எழுவதிலும் 57 மடங்கு அதிகம். இவ்வேறுபாட்டில் ஒரு பகுதி இந்திய ஏழைக்கு வைத்தியமே கிடைக்காமையால் விளைந்தது. அதிற் பெருமை கொள்ள ஏதுமில்லை. மற்றொரு பகுதியோ, ஒரே வைத்தியத்தை இருவேறு முறையிற் செய்வதால் விளைந்தது. இந்த இரண்டாம் பகுதியே ஆராயத்தக்கது.

வைத்தியசாலையின் புகை என்பது உலையின் புகை மட்டுமன்று. கண்ணுக்குத் தோன்றாத புகையே அதிகம். சத்திரசிகிச்சைக் கூடத்தில் நோயாளியை உறங்கவைக்கும் மயக்க வாயுக்களை எடுத்துக்கொள்வோம். நோயாளி உட்கொள்ளும் வாயுவில் மிகச் சிறிய பகுதியையே உடல் மாற்றுகின்றது. எஞ்சியது மூச்சுடன் திரும்பி வந்து, குழாய் வழியே கூரைக்கு மேலே விடப்படுகின்றது. டெஸ்புளுரேன் என்னும் வாயு, எடைக்கு எடை, காபனீரொட்சைட்டிலும் ஏறத்தாழ 2,500 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்க வல்லது. 240 மில்லிலீற்றர் கொண்ட ஒரு போத்தல் டெஸ்புளுரேன் காற்றிற் கலப்பதும், 440 கிலோகிராம் நிலக்கரியை எரிப்பதும் விளைவில் ஒன்றே என்று இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையினர் கணித்துள்ளனர். அதே உறக்கத்தைத் தரக்கூடிய, தீங்கு மிகக் குறைந்த வேறு மருந்துகள் இருத்தலால், ஸ்கொட்லாந்து 2023ஆம் ஆண்டில் இவ்வாயுவின் பயன்பாட்டை நிறுத்திவிட்டது. நோயாளர் எவரும் இதனால் யாதொன்றையும் இழக்கவில்லை.

நைதரசு ஒட்சைட்டு என்னும் பழைய மயக்க வாயுவின் கதை இன்னும் வியப்பானது. 1844ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல்வைத்தியர் ஒருவர் தம் பல்லையே பிடுங்குவித்துச் சோதித்த காலந்தொட்டு இது வழக்கில் உள்ளது. பெரிய வைத்தியசாலைகளில் இதனை ஓரிடத்திற் சேமித்து, சுவருக்குள் ஓடும் குழாய்களால் கூடங்களுக்கு அனுப்புவர். பிரித்தானிய வைத்தியசாலைகள் சில, வாங்கிய வாயுவின் அளவையும் நோயாளர்க்குக் கொடுத்த அளவையும் ஒப்புநோக்கியபோது, வாயுவின் பெரும்பகுதி நோயாளரை அடையாமல், பழைய குழாய்களின் மூட்டுகளிற் கசிந்தே போனமை வெளிப்பட்டது. சூழலைக் காக்கப் புதிய இயந்திரம் எதுவும் அங்கே தேவைப்படவில்லை. கணக்கைச் சரிபார்க்கும் ஒருவரும், குழாயை மூடிவிட்டுச் சிறு உருளைகளைக் கூடத்துக்குக் கொண்டுவரும் ஒருவருமே தேவைப்பட்டனர்.

கழிவைப் பொறுத்தவரையிலும் நிலைமை இதுவே. வைத்தியசாலைக் கழிவில் நூற்றுக்கு 85 வீதம் வீட்டுக் குப்பையைப் போன்ற சாதாரணக் கழிவே என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. எஞ்சிய 15 வீதமே தொற்றுக்கோ நஞ்சுக்கோ அஞ்சவேண்டியது. இரண்டையும் ஒரே தொட்டியில் இட்டுவிட்டால், நூறும் அஞ்சவேண்டியதாகிவிடும்; நூறையும் எரிக்க வேண்டியும் நேரிடும். குறைந்த வெப்பத்தில் எரியும் பிளாஸ்டிக்கிலிருந்து டையொக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறந்து, புல்லிற் படிந்து, பசுவின் பாலுக்கும் வந்து சேர்கின்றது. காய்ச்சல் பார்க்கும் பழைய வெப்பமானியிலும், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியிலும் இருந்த இரசமும் இத்தகையதே. ஜப்பானிய ஊராகிய மினமாட்டாவின் பெயரால் 2013ஆம் ஆண்டில் ஏற்பட்ட உலக உடன்படிக்கை, 2020க்குப்பின் அத்தகைய கருவிகளைச் செய்வதையே விலக்கிற்று.

இத்தகைய நிலையில், தொலைமருத்துவம் என்பது ஒரு தீர்வாக இப்போது பேசப்படுகின்றது. நோயாளி ஓரிடத்திலும் வைத்தியர் வேறோரிடத்திலும் இருக்க, தொலைபேசியாலோ படக்காட்சியாலோ ஒருவரையொருவர் கண்டும் கேட்டும் நடத்தும் வைத்தியம் அது. புதுமை என்று பலர் எண்ணினாலும், வானொலி நேயர்களுக்கு இது புதுமையாய் இருத்தல் வேண்டியதில்லை. தொலைமருத்துவத்தின் தாய் வானொலியே. 1935ஆம் ஆண்டில் உரோமாபுரியில் ஒரு மருத்துவ வானொலி நிலையம் நிறுவப்பட்டது. நடுக்கடலிற் செல்லும் கப்பலில் மாலுமி ஒருவர் நோயுற்றால், கப்பற் தலைவர் நோயின் குறிகளைக் கம்பியில்லாத் தந்தியால் அறிவிப்பார். கரையிலுள்ள வைத்தியர் மருந்து கூறுவார். வானொலியின் தந்தை எனப்படும் மார்க்கோனியே அந்நிலையத்தின் முதல் தலைவர்.

அவுஸ்திரேலியாவின் உட்பகுதியில் இதற்கும் முன்னரே முயற்சி தொடங்கிவிட்டது. அங்கே பண்ணைக்கும் பண்ணைக்கும் இடையே நூற்றுக்கணக்கான மைல் வெட்டவெளி. ஜோன் பிளின் என்னும் பாதிரியார் 1928ஆம் ஆண்டில் குளொன்கறி என்ற ஊரிலிருந்து பறக்கும் வைத்தியர் சேவையைத் தொடக்கினார். ஆனால் வைத்தியரை அழைப்பது எவ்வாறு? பண்ணைகளில் மின்சாரம் இல்லை. அல்பிரட் திரேகர் என்பவர் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவியை அமைத்துக் கொடுத்தார்; 1929 முதல் அது பண்ணைகளுக்குப் போகத் தொடங்கியது. பிற்காலத்தில் ஒவ்வொரு பண்ணைக்கும் மருந்துப் பெட்டி ஒன்று கொடுக்கப்பட்டு, உள்ளிருந்த மருந்துகளுக்கெல்லாம் இலக்கம் இடப்பட்டது. மருந்தின் நீண்ட பெயரை இரைச்சலுக்கிடையே சொல்லித் தவறு நேர்வதிலும், இன்ன இலக்க மருந்தைக் கொடுங்கள் என்பது எளிதன்றோ. விமானம் பறக்கவேண்டிய தேவை பல தடவைகளில் இதனால் இல்லாதொழிந்தது. பறக்கும் வைத்தியர் சேவையில் பறக்காத பகுதியும் அத்துணைப் பயனுடையதாயிற்று.

சூழல் வகையில் தொலைமருத்துவம் மிச்சப்படுத்துவது முதலாவதாகப் பயணத்தையே. இது சிறு பொருள் அன்று. இங்கிலாந்தின் வீதிகளில் நடைபெறும் போக்குவரத்து முழுவதிலும் நூற்றுக்கு 3.5 வீதம் தேசிய சுகாதார சேவையின் நோயாளர், பார்வையாளர், ஊழியர், பொருள் வழங்குவோர் ஆகியோரது போக்குவரத்து என்று அச்சேவை 2020ஆம் ஆண்டில் அறிவித்தது. வடசுவீடனின் ஊமியோ நகரில் நடந்த ஓர் ஆராய்ச்சி, உடற்பயிற்சிச் சிகிச்சை போன்றவற்றைப் படக்காட்சி மூலம் நடத்தினால், காரில் வந்து செல்வதால் எழும் வாயுவில் நாற்பதில் ஒரு பங்கோ அதிலுங் குறைவோதான் எழும் என்று 2014ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டிற்று. கணினிக்கும் இணைப்புக்கும் வேண்டிய மின்சாரத்தையும், அக்கருவிகளைச் செய்வதற்கு ஆகும் செலவையும் சேர்த்தே இக்கணக்கு. நோயாளி சில கிலோமீற்றர் தூரம் காரில் வரவேண்டியவராயின் அதுவே போதும், தொலைமருத்துவம் இலாபமாகிவிடும்.

இவ்வளவையும் கேட்டபின், எல்லா வைத்தியத்தையும் திரையினூடாகவே செய்துவிட்டால் சூழல் தப்பிப் பிழைக்கும் என்று எண்ணத் தோன்றும். இங்கேதான் நின்று நிதானிக்க வேண்டும். வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில், கண்புரை நீக்கும் சத்திரசிகிச்சை ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை கணக்கிட்டு, 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு கண்ணுக்குச் செய்யும் சத்திரசிகிச்சையால் ஏறத்தாழ 180 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்கு ஒப்பான வாயு எழுகின்றது. 78 லீற்றர் பெற்றோலை எரிப்பதற்கு அது சமம். அதில் நோயாளரும் ஊழியரும் செய்யும் பயணத்தின் பங்கு பத்தில் ஒன்றே. கட்டடத்துக்கும் மின்சாரத்துக்கும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். பாதிக்கு மேற்பட்டது, வாங்கிப் பயன்படுத்தி எறிந்த பொருள்களின் பங்கு. ஆகவே அங்கே பயணம் முழுவதையும் இல்லாமற் செய்தாலுங்கூட, பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருக்கும். திரையை மட்டும் நம்பிக் குப்பைத் தொட்டியை மறந்துவிடும் வைத்தியசாலை, வாசலைப் பெருக்கிவிட்டு அறையைப் பெருக்காத வீட்டுக்காரரை ஒத்தது.

அதே கண்புரைச் சத்திரசிகிச்சையைத் தமிழ்நாட்டில் எவ்வாறு செய்கின்றனர் என்பதைக் கார்டிஃபுக்கு அருகில் வைத்து நோக்குதல் வேண்டும். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை உள்ளது. கோவிந்தப்ப வெங்கடசாமி என்னும் கண்வைத்தியர், 58 வயதில் அரசாங்க சேவையிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய மனை அது. இளமையிலேயே மூட்டுவாத நோயால் அவரது விரல்கள் கோணிவிட்டன. அக்கோணிய விரல்களுக்குச் சத்திரக்கத்தியைப் பிடிக்கப் பழக்கி, ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கண்களுக்கு அவர் தாமே சிகிச்சை செய்தார். ஓய்வூதியத்தைப் பெற்றுக்கொண்டு சாய்வு நாற்காலியில் அமர்வதே முறை என்று எண்ணுவோர் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று. 2006ஆம் ஆண்டில் அவர் காலமானார். இன்று அம்மனையும் அதன் கிளைகளும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான கண் சத்திரசிகிச்சைகளைச் செய்கின்றன; அவற்றுட் பெரும் பங்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்துக்கோ செய்யப்படுகின்றது.

2017ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு அரவிந்த் மருத்துவமனையின் சத்திரசிகிச்சைக் கூடத்தைக் கணக்கிட்டது. ஒரு கண்ணுக்கு எழும் வாயு ஏறத்தாழ 6 கிலோகிராம். பெற்றோலாற் சொன்னால் மூன்று லீற்றருக்குங் குறைவு. கழிவு 250 கிராம் அளவில்; அதிலும் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மீளப் பயன்படுவதற்கு அனுப்பப்படுகின்றது. கார்டிஃபிலும் மதுரையிலும் கணக்கிற் சேர்க்கப்பட்டவை முற்றாக ஒன்றல்ல என்பதால், ஒத்த பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்தும் ஒப்பிட்டனர். அப்போதும் மதுரையின் அளவு பிரித்தானியாவின் அளவில் இருபதில் ஒரு பங்கே. இந்தியாவின் மின்சாரத்திற் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து பிறப்பது. அவ்வாறிருந்தும் கணக்கு இது.

இதன் மருமம் யாது? ஒரு கூடத்தில் இரண்டு மேசைகள் அருகருகே இடப்பட்டிருக்கும். சத்திரவைத்தியர் ஒரு மேசையிற் சிகிச்சையை முடிப்பதற்குள், அடுத்த மேசையில் அடுத்த நோயாளியைத் தாதியர் ஆயத்தப்படுத்திவிடுவர். உருப்பெருக்கியை இப்பக்கத்திலிருந்து அப்பக்கத்துக்குத் திருப்பியதும் வேலை தொடங்கும். குளிரூட்டியும் விளக்கும் வெறுமையாக ஓடும் நேரம் இதனால் அற்றுப்போகின்றது. கத்திகளும் குழாய்களும் ஒரு முறையோடு எறியப்படாமல், நீராவியால் விரைவாகத் தொற்றுநீக்கம் செய்யப்பட்டுத் திரும்பி வருகின்றன. கையுறையைத் தொற்றுநீக்கித் திரவத்தாற் கழுவிக்கொள்கின்றனர். ஒரு கண்மருந்துப் போத்தல் தீரும்வரை பலருக்குப் பயன்படுகின்றது. மேலைநாட்டுக் கூடங்களிலோ ஓரிரு துளி இட்டதன்பின் எஞ்சிய போத்தலை எறிந்துவிடுவதே வழக்கம். கண்ணுக்குள் வைக்கும் வில்லையையும் வெளிநாட்டிலிருந்து தருவிப்பதில்லை. 1992ஆம் ஆண்டு முதல் அவர்களே தங்கள் தொழிற்சாலையிற் செய்கின்றனர்.

நேயர்களுட் சிலர்க்கு இவ்விடத்தில் ஐயம் எழுதல் இயல்பு. ஒருவர்க்குப் பயன்பட்ட கருவியை மற்றொருவர்க்குப் பயன்படுத்துவதால் தொற்று நேராதா? வினா நியாயமானதே. கண்ணுட் தொற்று ஏற்படின் பார்வையே போய்விடும்; வாயுக் கணக்கு எத்துணைச் சிறிதாயினும் அந்த இழப்புக்கு ஈடாகாது. இதற்கு விடை எண்களிலேயே உள்ளது. அரவிந்த் மருத்துவமனை தன் நோயாளரின் பின்விளைவுகளைப் பல இலட்சம் சத்திரசிகிச்சைகளுக்கு எழுதிவைத்து வெளியிட்டிருக்கின்றது. கடுந்தொற்று நேர்ந்தவர் ஆயிரத்தில் ஒருவரிலும் குறைவு. எல்லாவற்றையும் ஒருமுறையோடு எறிந்துவிடும் நாடுகளின் கணக்குக்கு அது சமமாகவோ அதனிலுங் குறைவாகவோ உள்ளது. கருவியைத் திரும்பப் பயன்படுத்துவது அவ்வளவு பெரிய இடர் அன்று. தொற்றுநீக்கத்தில் அசட்டையாய் இருப்பதே இடர். மதுரையின் முறையை எடுத்துக்கொண்டு மதுரையின் ஒழுங்கை எடுத்துக்கொள்ளாதவர் நோயாளரைக் குருடாக்குவர் என்பதையும் ஒளிக்காமற் சொல்லத்தான் வேண்டும்.

புதியதே பாதுகாப்பானது என்ற எண்ணம் எல்லாக் காலத்திலும் மெய்யாவதில்லை. 2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மாட்டு நோயோடு தொடர்புடைய மூளை நோய் ஒன்று கருவிகளாற் பரவக்கூடும் என்று அஞ்சி, தொண்டைச் சதையை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு ஒருமுறைப் பயன்பாட்டுக் கருவிகளையே கையாளவேண்டும் என இங்கிலாந்தில் கட்டளை பிறந்தது. மலிவாகச் செய்யப்பட்ட அக்கருவிகளால் இரத்தப்பெருக்கு முதலிய கேடுகள் மிகுந்தமை கண்டு, அதே ஆண்டு முடிவதற்குள் கட்டளையை மீளப் பெற்றுக்கொண்டனர். அச்சம் உண்மையானதே, ஆனால் எறிந்துவிடுவது மட்டும் அதற்கு மருந்தாகவில்லை.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் இத்துணைச் சிக்கனம் காட்டிய அதே மனைதான், தொலைமருத்துவத்தையும் ஊர்களுக்குக் கொண்டுசென்றது. அதன் தொடக்கம் வியப்புக்குரியது. ஊர்களிலே கண்முகாம் நடத்துவது அவர்களின் பழைய வழக்கம். முகாம் ஆண்டுக்கு ஓரிருமுறையே வரும். கண்ணோ முகாமுக்காகக் காத்திருப்பதில்லை. முகாமுக்கு வரவேண்டியவர்களிற் சிறு பகுதியினரே வந்தனர் என்பதையும் அவர்கள் கண்டனர். ஆகவே ஏறத்தாழ 50,000 மக்களுக்கு ஒன்றாக, நிலையான சிறு பார்வை மையங்களைத் திறக்கத் தொடங்கினர். இருபது ஆண்டுகளுக்கு முன் தேனி மாவட்டத்து ஊர்களில் இணைய வசதி அரிதாயிருந்தது. அமெரிக்காவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர், வீட்டுக்குள் மட்டும் எட்டும் மலிவான கம்பியில்லாக் கருவியை மாற்றியமைத்து, உயர்ந்த கோபுரங்களிற் பொருத்தி, பல கிலோமீற்றர் தூரம் படக்காட்சி செல்லுமாறு செய்துகொடுத்தனர். அத்தகைய மையங்கள் இன்று நூற்றுக்கு மேற்பட்டுள்ளன.

மையத்தினுள் வைத்தியர் இல்லை. அவ்வட்டாரத்திலே பிறந்து, பாடசாலைக் கல்வியை முடித்து, இரண்டாண்டு பயிற்சி பெற்ற இளம்பெண் ஒருவர் இருப்பார். வரும் நோயாளியின் பார்வையை அளப்பவரும், பிளவுவிளக்கு என்னும் கருவியாற் கண்ணின் முன்பகுதியை நோக்குபவரும், கண்ணழுத்தம் பார்ப்பவரும், நீரிழிவு உடையவராயின் விழித்திரையைப் படம் பிடிப்பவரும் அவரே. விவரங்கள் நகரத்து மருத்துவமனைக்குச் செல்லும். அங்குள்ள கண்வைத்தியர் அவற்றை நோக்கியபின், திரையில் நோயாளியுடன் சில நிமிடம் பேசுவார். கண்ணாடி வேண்டியவர்க்குக் கண்ணாடி அங்கேயே கிடைக்கும். மருந்து வேண்டியவர்க்கு மருந்தும் அவ்வாறே. சத்திரசிகிச்சை வேண்டியவர் மட்டுமே நகரத்துக்குப் பயணமாவர். வந்தவருட் பெரும்பாலோர் வந்த காலோடு வீடு திரும்புகின்றனர்.

இவ்வொழுங்கினால் மிச்சமாகும் டீசலைக் கணக்கிடுவோர் கணக்கிடட்டும். ஊரிலிருந்து பஸ்ஸில் வரும் ஏழையின் பயணம், கார்டிஃப் நகரத்தார் காரில் வரும் பயணத்தைப் போலக் காற்றை அத்துணை கெடுப்பதன்று. எப்படியும் அந்தப் பஸ் ஓடத்தான் போகின்றது. அவர்க்கு மிச்சமாவது ஒருநாட் கூலி. வழித்துணையாக வரும் மகனின் ஒருநாட் கூலியும் அதனோடு சேரும். இக்கூலியை இழக்க அஞ்சியே பலர் பார்வை முற்றாக மங்கும்வரை வீட்டில் இருந்துவிடுகின்றனர். நீரிழிவாற் கெடும் விழித்திரையைத் தொடக்கத்திற் கண்டால் சிறு சிகிச்சை போதும். பிந்திவிட்டால் பெரிய சத்திரசிகிச்சை, பல நாட்கள் படுக்கை, பல தடவை பயணம், பல மருந்து. அப்போது காசும் போகின்றது, காற்றும் கெடுகின்றது, பார்வையும் திரும்புவதில்லை. தொலைமருத்துவம் சூழலுக்குச் செய்யும் பெரிய உதவி இவ்வழியாகவே வருகின்றது. நோயை முளையிலே கண்டுவிட்டால், புகை கக்கும் பெரிய வைத்தியத்துக்கு இடமே ஏற்படுவதில்லை.

இங்கே கவனிக்கவேண்டிய பொருள் மற்றொன்று உண்டு. மதுரை முறையில் நோயாளி தம் வீட்டிலிருந்து கைத்தொலைபேசியோடு தனித்து மல்லாடுவதில்லை. அவரது தாய்மொழியிற் பேசி, முகத்தைத் திருப்பி, தாடையைக் கருவியிற் பொருத்தி வைக்கும் பயிற்சி பெற்ற கை அருகில் இருக்கின்றது. அக்கை இல்லாத தொலைமருத்துவம் பெரும்பாலும் வெறும் உரையாடலாகவே முடியும். காது மந்தமான முதியவர்க்குத் திரை ஒரு துன்பம். வயிற்று வலியோடு வருபவரின் வயிற்றை அழுத்திப் பார்க்காமல் வைத்தியர் எதனைத் துணிவார்? ஐயம் தீராத வைத்தியர், எதற்கும் நேரில் வாருங்கள் என்பார். முடிவில், ஒன்றாயிருந்த வருகை இரண்டாகி, பயணமும் மிஞ்சி, மின்சாரமும் செலவாகும். தொலைமருத்துவம் என்ற பெயரில் வாங்கிக் குவித்துத் தூசு படிந்த கருவிகள் உலகின் பல வைத்தியசாலைகளில் உண்டு. அவையுங் கழிவே, அவற்றிலும் ஈயம் முதலிய நஞ்சுகள் உண்டு.

ஊரிலே பிறந்தவர்க்கு ஊர்மொழியில் மருத்துவம் கற்பித்து, ஊருக்கே அனுப்பும் எண்ணம் இலங்கைத் தமிழர்க்குப் பழக்கமானதே. அமெரிக்க மிசன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் இருந்துகொண்டு, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, தமிழிலேயே மாணவர்க்குக் கற்பித்தார். அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று வைத்தியராயினர். வைத்தியத்தைத் தேடி நோயாளர் செல்லும் தூரத்தைக் குறைத்தவர்களுள் அவரையும் சேர்க்கலாம். மின்சாரம் இல்லாத காலத்துத் தூரக்குறைப்பு அது.

இலங்கையில் 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, மாதந்தோறும் வைத்தியசாலைக்கு வந்து நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து பெறுவோர் வீட்டைவிட்டு வெளிவர முடியாதபோது, அஞ்சல் ஊழியர் மருந்துப் பொதிகளை வீடுகளுக்குக் கொண்டுசென்று கொடுத்தனர். ஒரு மாதத்து மருந்துக்காக மாதந்தோறும் ஒருநாளைக் கழிக்கவேண்டியதில்லை என்பது அப்போது கண்கூடாயிற்று. இரத்தப் பரிசோதனையும் காற் புண்ணைப் பார்ப்பதும் நேரிலே நடக்கவேண்டியவைதாம். ஆனால் மாற்றமின்றித் தொடரும் மருந்துச்சீட்டுக்கும் அதே பயணம் எதற்கு என்ற வினா ஊரடங்கு நீங்கியதோடு மறைந்துவிடக் கூடியதன்று.

யாழ்ப்பாணத் தீவுகளில் இவ்வினா இன்னுங் கூர்மையானது. நெடுந்தீவில் வாழும் நீரிழிவு நோயாளர் ஒருவர் விழித்திரையைச் சோதிப்பித்துக்கொள்ள யாழ்ப்பாண நகருக்கு வருவதாயின், ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் படகிலே குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறிப் புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து, பண்ணைப் பாலத்தால் நகரை அடைதல் வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளிற் படகு புறப்படாது. கடைசிப் படகைத் தவறவிட்டால் இரவு தங்க இடம் தேட வேண்டும். விழித்திரையைப் படம் பிடிப்பதற்கோ சில நிமிடமே செல்லும். அப்படத்தைக் கடலுக்கு அப்பால் அனுப்பக் கண்ணிமைக்கும் நேரம் போதும். படம் பிடிக்கும் கருவியை வாங்குவது பெருங்காரியமன்று. அதனை நாள்தோறும் இயக்கத் தீவிலேயே பிறந்து தீவிலேயே தங்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டு பயிற்றி, சம்பளம் கொடுத்து வைத்திருத்தல் வேண்டும். படத்தை நோக்கும் கண்வைத்தியர்க்கும் அதற்கெனக் குறித்த நேரம் ஒதுக்கப்படல் வேண்டும். சிகிச்சை வேண்டும் என்று அவர் கூறும் நோயாளிக்கு, நகரில் வந்து நாட்கணக்கிற் காத்திராதபடி, நாளும் நேரமும் முன்கூட்டியே குறித்துக்கொடுத்தலும் வேண்டும். ஏனெனில் அவர் திரும்பிப்போகவேண்டிய படகு பிற்பகலிற் புறப்பட்டுவிடும்.